சின்னக் காதுக்குக் குழாய் வேண்டுமா?

அமெரிக்காவில் மூன்று வயது நிறைவதற்குள் ஏறத்தாழ 15 குழந்தைகளில் ஒன்றுக்குச் செவிப்பறையில் ஒரு சிறு குழாய் வைக்கப்பட்டுவிடுகிறது. 2006ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த ஓராண்டில் நடந்த இத்தகைய அறுவைகள் சுமார் 6,67,000. காலையில் வந்து அன்றே வீடு திரும்பும் குழந்தை அறுவைகளில் அந்நாட்டில் இதுவே மிகப் பரவலானது. பிரிட்டனில் இதைக் ‘குரோமெட்’ என்கிறார்கள். நம் ஊர் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்.

இவ்வளவு பரவலான சிகிச்சை என்பதால் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது தெளிவாகத் தீர்ந்துபோன விஷயம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் எழுபது ஆண்டுகளாக மருத்துவ உலகம் இதை விவாதித்து வருகிறது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்ட குழாய் அறுவைகளை வல்லுநர் குழு ஒன்றின் அளவுகோலால் சீர்தூக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தேவையற்றவை என்று வந்தது. மூன்றில் ஒரு பங்கை இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்ற நிலை. அதன் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் பல பழைய நம்பிக்கைகளை அசைத்துவிட்டன.

இந்தக் கேள்வி முதலில் வந்து நிற்பது பெற்றோரிடம்தான். நியூ ஜெர்சியிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் சீக்கிரமே வந்துவிடுகிறது. தாயும் தந்தையும் வேலைக்குப் போக, கைக்குழந்தை காப்பகத்துக்குப் போகிறது. அங்கே மாறி மாறிச் சளி. சளிக்குப் பின்னால் காது வலி. ஒருநாள் மருத்துவர் “குழாய் வைத்துவிடலாமா?” என்று கேட்கிறார். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கோ காதுக்குள் குழாய் என்றாலே வயிறு கலங்குகிறது. இந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டிய தகவல்களைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுக்காதில் என்ன நடக்கிறது

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சிறு அறை ஒன்று இருக்கிறது. அதுதான் நடுக்காது. ஒலியை உள்ளே கடத்தும் மூன்று சிற்றெலும்புகள் அங்கே இருக்கின்றன. அந்த அறைக்கும் மூக்கின் பின்பகுதிக்கும் இடையே யூஸ்டேஷியன் குழல் என்ற இயற்கையான பாதை உண்டு. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, காற்றை உள்ளே விட்டு, அழுத்தத்தைச் சமன் செய்கிறது.

சிறு குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையானது. ஏறக்குறையப் படுக்கை வாட்டத்தில் கிடப்பது. அதைத் திறக்கும் தசைகளும் முழு வலுப்பெறாதவை. மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் அந்த வயதில் பெருத்திருக்கலாம். சளி பிடித்தால் குழல் அடைபடுகிறது. உள்ளே காற்று குறைந்து, சுவர்களிலிருந்து நீர் கசிந்து தேங்குகிறது. நாளாக ஆக அந்த நீர் பசைபோல் இறுகுவதும் உண்டு. ஆறு, ஏழு வயதுக்குள் குழல் நீண்டு, சாய்வு பெற்று, பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை விலகிவிடுகிறது. வளர்ச்சியே இந்த நோய்க்கு மருந்து என்பதால், காத்திருப்பதா, அறுவை செய்வதா என்ற கேள்விக்கே இடம் உண்டாகிறது.

ஒரே பெயரில் இரண்டு தொல்லைகள்

“காதில் இன்ஃபெக்‌ஷன்” என்று வீட்டில் சொல்வது இரண்டு வேறு நிலைகளைக் குறிக்கலாம். இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் முடிவும் குழம்பிப்போகும்.

முதலாவது திடீர் நடுக்காது அழற்சி. கிருமி பெருகிச் சீழ் கட்டுகிறது. செவிப்பறை சிவந்து வெளியே உப்புகிறது. காய்ச்சல், வலி, இரவெல்லாம் அழுகை. சில நேரம் செவிப்பறை கிழிந்து சீழ் வழிந்ததும் வலி சட்டென்று தணியும். ஆறு மாதத்தில் மூன்று முறையோ, ஓர் ஆண்டில் நான்கு முறையோ (அதில் ஒன்றாவது கடந்த ஆறு மாதத்துக்குள்) இப்படி வந்தால் அதை ‘மீண்டும் மீண்டும் வரும் அழற்சி’ என்று மருத்துவ வழிகாட்டிகள் வகுக்கின்றன.

இரண்டாவது, சத்தமில்லாமல் நீர் தேங்குவது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அழற்சி ஒன்று வந்து போன பிறகு நீர் மட்டும் தங்கிவிடலாம். வெறும் சளிக்குப் பிறகும் சேரலாம். பள்ளி வயதுக்கு முன் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு முறையாவது இது வருகிறது. அழற்சிக்குப் பின் தங்கும் நீர் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனால் மூன்று மாதம் தாண்டியும் நிற்கும் நீரின் போக்கு வேறு. அடுத்த ஓர் ஆண்டில் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் தானாக மறைகிறது. மூன்று மாதம் என்ற எல்லைக்கோடு இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

நீர் தேங்கிய காது முற்றிலும் செவிடாகிவிடுவதில்லை. சராசரியாக 25 முதல் 28 டெசிபல் வரை கேள்வி, அதாவது கேட்கும் திறன், குறைகிறது. ஐந்தில் ஒரு குழந்தைக்கு 35 டெசிபலையும் தாண்டுகிறது. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு கூட்டமான வீட்டில் பேச்சைக் கேட்டுப் பார்த்தால் இந்த இழப்பின் தன்மை புரியும். எதிரே நின்று உரக்கச் சொன்னால் கேட்கும். முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சொன்னால் கேட்காது. தமிழில் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதையெல்லாம் சொல்லின் கடைசி எழுத்து சொல்கிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பவற்றின் வேறுபாடு மெல்லிய கடைசி ஒலி ஒன்றில் நிற்கிறது. மொழியைக் காதால் மட்டுமே கற்கும் வயதில் அந்த ஒலி தேய்ந்து வந்தால் என்ன ஆகும் என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தைத்தான் பெரிய ஆய்வுகள் சோதித்துப் பார்த்தன.

குழாய் வந்த வழி

செவிப்பறையில் துளையிட்டால் கேள்வி திரும்பலாம் என்று 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் காட்டினார். அதற்காக ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் வழங்கியது. ஆனால் துளை சில நாட்களிலேயே மூடிக்கொண்டது. செவிப்பறை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வலிமை கொண்டது. வியன்னாவில் காது மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட ஆடம் பொலிட்சர் 19ஆம் நூற்றாண்டில் கடின ரப்பர் வளையம் ஒன்றைத் துளைக்குள் பொருத்திப் பார்த்தார். அடைப்பும் சீழும் வந்ததால் அந்த முயற்சி நிலைக்கவில்லை.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் நுண்ணோக்கிவழி அறுவையும் வந்த பிறகே இந்த எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. 1954இல் அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செவிப்பறையில் பொருத்தும் முறையை வெளியிட்டார். இன்றைய குழாய்கள் சிலிக்கோனாலும் ஃபுளூரோபிளாஸ்டிக்காலும் டைட்டானியத்தாலும் ஆனவை. உள்துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. இரு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கியிருப்பதால் செவிப்பறையில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

யூஸ்டேஷியன் குழல் செய்யத் தவறிய வேலையை இந்தக் குழாய் வெளிப்பக்கமிருந்து செய்கிறது. காற்று உள்ளே போகிறது. நீர் மறுபடி சேருவதில்லை. செவிப்பறை வளர வளர, பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள் குழாய் தானாக வெளியே தள்ளப்பட்டு விழுந்துவிடும். குழாய் எதையும் நிரந்தரமாகச் சரிசெய்வதில்லை. குழந்தை வளரும்வரை கொஞ்சம் காலம் வாங்கித் தருகிறது. அந்தக் காலம் இந்தக் குழந்தைக்குத் தேவையா என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

பிட்ஸ்பர்க் காட்டியது

1980களிலும் 90களிலும் ‘நீர் நின்றால் பேச்சு தடைப்படும், படிப்பு கெடும், சீக்கிரம் குழாய் வைத்துவிடு’ என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அதைச் சோதிக்கப் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு பெரும் முயற்சி எடுத்தது. பிறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் 6,350 ஆரோக்கியமான குழந்தைகளைச் சேர்த்து, அவர்களுடைய காதுகளைத் தொடர்ந்து கவனித்தது. மூன்று வயதுக்குள் நீர் நீடித்து நின்ற 429 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு உடனே குழாய். மற்றொரு பிரிவு காத்திருந்தது: இரு காதிலும் நீர் இருந்தால் மேலும் ஆறு மாதம்வரை, ஒரு காதில் மட்டும் என்றால் ஒன்பது மாதம்வரை. அதற்குப் பிறகும் வடியாவிட்டால்தான் குழாய்.

மூன்று வயதில் சோதித்தபோது பேச்சிலும் மொழியிலும் அறிவாற்றலிலும் நடத்தையிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. நான்கு வயதிலும் ஆறு வயதிலும் இல்லை. 9 முதல் 11 வயதுவரை தொடர்ந்து போய், வாசிப்பு, எழுத்து, கவனம், ஒலிகளைப் பிரித்தறியும் திறன் என்று விரிவாக அளந்தார்கள். 2007இல் வெளியான அந்த முடிவும் அதையே சொன்னது. மூன்று வயது முடியும்போது உடனடிப் பிரிவில் 82 விழுக்காட்டினருக்குக் குழாய் வைக்கப்பட்டிருந்தது. காத்திருந்த பிரிவில் 34 விழுக்காட்டினருக்கு மட்டும். காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வயதுவரை அறுவையே இல்லாமல் வந்துவிட்டார்கள். அதனால் அவர்கள் எதையும் இழக்கவில்லை.

இந்த ஆய்வு பல குழந்தைகளைத் தேவையற்ற அறுவையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதை அது சொல்லாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் மற்றபடி நலமான குழந்தைகள். பலருக்கு நீர் ஒரு காதில் மட்டும் இருந்தது, அல்லது வந்து வந்து போனது. இரு காதிலும் ஓராண்டாக நீர் நின்று, கேள்வி நன்றாகக் குறைந்து, ஏற்கெனவே பேச்சில் பின்தங்கியிருக்கும் குழந்தைக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது.

அடிக்கடி காய்ச்சலும் வலியும் என்றால்

பெற்றோரை அதிகம் வாட்டுவது இந்த நிலைதான். மாதாமாதம் மருந்து, தூக்கமில்லாத இரவுகள், விடுப்பு எடுத்தே தீர்ந்துபோகும் வேலை நாட்கள். குழாய் வைத்தால் இது நிற்குமா?

2021இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அலஹாந்திரோ ஹோபர்மன் குழு இதற்கு விடை தந்தது. 6 முதல் 35 மாத வயதுள்ள, அழற்சி மீண்டும் மீண்டும் வந்த 250 குழந்தைகள். ஒரு பிரிவுக்குக் குழாய். மற்றதற்கு ஒவ்வொரு முறையும் மருந்து மட்டும். இரண்டு ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு வந்த அழற்சியின் எண்ணிக்கை குழாய்ப் பிரிவில் 1.48, மருந்துப் பிரிவில் 1.56. சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. குழாய் வைத்தவர்களுக்கு அடுத்த அழற்சி வரச் சற்றுக் காலம் கூடியது உண்மை. ஆனால் காதில் சீழ் வடிந்த நாட்கள் அவர்களுக்குத்தான் அதிகம். இரண்டு பிரிவிலுமே வயது ஏற ஏற அழற்சி குறைந்துகொண்டே வந்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குழாய் உள்ள காதில் அழற்சி வந்தால் சீழ் உள்ளே அடைபடாமல் வெளியே வந்துவிடும். வலியும் காய்ச்சலும் குறைவு. வாய்வழி மருந்துக்குப் பதில் காதில் விடும் சொட்டு மருந்தே போதும். அது வாய்வழி மருந்தைவிட நன்றாகவும் வேலை செய்கிறது. மருந்து ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், அதிகக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும் குழந்தைக்கும் இது பெரிய நிம்மதி. எண்ணிக்கை மாறாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் படும் துன்பம் குறையலாம்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2013இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டி இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. எத்தனை முறை அழற்சி வந்திருந்தாலும், மருத்துவர் பரிசோதிக்கும் நாளில் இரு காதிலும் நீர் இல்லை என்றால் குழாய் வேண்டாம். இடைவெளியில் காது தெளிந்துவிடுகிறது, யூஸ்டேஷியன் குழல் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு காதிலாவது நீர் தங்கியிருந்தால் குழாயைப் பற்றிப் பேசலாம். காது தெளிந்திருக்கும் நாளில் மருத்துவரிடம் காட்டுவது வீண் அலைச்சல் அல்ல. அந்த நாள்தான் முடிவைச் சொல்லும் நாள்.

கேள்வித்திறனும் காலமும்

நீர் தேங்கிய காதுக்கு அதே வழிகாட்டி தரும் விதி எளியது. மூன்று மாதம் ஆகவில்லை என்றால் குழாய் வேண்டாம். மூன்று மாதம் தாண்டினால் கேள்விச் சோதனை செய்ய வேண்டும். இரு காதிலும் நீர் நின்று, கேள்வி குறைந்தது அளந்து உறுதியானால் குழாய் வைக்கலாம் என்று முன்மொழியலாம். நீரால் நிலை தடுமாறுதல், பள்ளியில் பின்னடைவு, நடத்தை மாற்றம், ஓயாத காது உறுத்தல் ஆகியவை இருந்தாலும் பரிசீலிக்கலாம். ‘கட்டாயம் வைக்க வேண்டும்’ என்று வழிகாட்டி சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய இடம் என்றே சொல்கிறது.

குழாய் வைத்தால் கேள்வி எவ்வளவு கூடும்? பல ஆய்வுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டு காக்ரன் மதிப்பீட்டின்படி, முதல் மூன்று மாதத்தில் சராசரியாக 12 டெசிபல்; ஆறு முதல் ஒன்பது மாதத்தில் 4 டெசிபல்; ஓர் ஆண்டில் வேறுபாடு மறைந்துவிடுகிறது. குழாய் கெட்டுப்போவதால் அல்ல, காத்திருக்கும் குழந்தைகளும் தேறிவிடுவதால். அந்தச் சில மாதங்களில் கூடும் 12 டெசிபல் சிறிதா பெரிதா என்பது குழந்தையைப் பொறுத்தது. வீட்டில் கொஞ்சிப் பேச நாலு பேர் சூழ்ந்திருக்கும், நன்றாகப் பேசத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு அது சிறிது. பேச்சு தாமதமான குழந்தைக்கோ, இரைச்சலான வகுப்பில் முதல் ஆண்டைத் தொடங்கும் குழந்தைக்கோ அதே 12 டெசிபல் பெரிது.

இதனால்தான் சோதனை முக்கியம். நீர் இருக்கிறதா என்பதைக் காற்றை மெல்ல ஊதிச் செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் ஆட்டோஸ்கோப்பும், டிம்பனோமெட்ரி கருவியும் காட்டும். அந்தக் கருவி வரையும் கோடு மேடின்றித் தட்டையாக இருந்தால் நீர் இருக்கக்கூடும். ஆனால் தட்டையான கோடு, குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஒலி வரும் பக்கம் தலை திருப்ப வைத்து இரண்டு, இரண்டரை வயதுவரை அளக்கலாம். அதன் பிறகு விளையாட்டாகவே செய்யலாம். ஒத்துழைக்காத குழந்தைக்கு, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் எதிர்வினையை உறக்கத்திலேயே அளக்கும் பெரா சோதனை உண்டு. கேள்வியை அளக்காமல் நீரை மட்டும் பார்த்து அறுவைக்கு நாள் குறித்தால், பெற்றோர் தயங்காமல் கேள்விச் சோதனை கேட்கலாம். அது அவர்கள் உரிமை.

மறுபக்கத் தட்டு

அறுவை சிறியது. செவிப்பறையில் மெல்லிய கீறல், தேங்கிய நீரை உறிஞ்சுதல், குழாயைப் பொருத்துதல். பத்து, பதினைந்து நிமிட வேலை. சிறு குழந்தைகளுக்கு முகமூடி வழியாக மயக்க வாயு கொடுத்தே செய்கிறார்கள். பெற்றோரின் மனத்தை அதிகம் அரிப்பது இந்த மயக்கம்தான். 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட அல்லது பலமுறை கொடுக்கப்படும் மயக்கம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்தது. குழாய் அறுவை அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் கொடுத்த ஒற்றை மயக்கத்தை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு, ஐந்து வயதில் அறிவாற்றலில் வேறுபாடு காணவில்லை என்று 2019இல் அறிவித்தது. ஆனாலும் தேவையற்ற மயக்கத்தைத் தவிர்ப்பது எப்போதும் நல்லது. இதய, மூச்சுக் கோளாறு உள்ள குழந்தைக்கு இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும்.

பின்விளைவுகளில் பரவலானது காது வடிதல். குழாய் வைத்த குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு எப்போதாவது வடியும். சொட்டு மருந்தில் அடங்கிவிடும். குழாய் அடைபடலாம், சீக்கிரமே விழுந்துவிடலாம். செவிப்பறையில் வெண்திட்டும் மெலிவும் தங்குவது உண்டு. பெரும்பாலும் அவை கேள்வியைத் தொடுவதில்லை. வழக்கமான குறுகிய காலக் குழாய் விழுந்த பிறகு, நூறில் ஒன்றிரண்டு பேருக்குத் துளை மூடாமல் நின்று, பின்னாளில் அடைக்கும் அறுவை தேவைப்படுகிறது. நீண்ட காலம் நிற்கும் ‘டி’ வடிவக் குழாயில் இந்த ஆபத்து பல மடங்கு கூடும். குழாய் விழுந்த பின் நீர் திரும்ப வந்து, நான்கைந்தில் ஒரு குழந்தைக்கு மறு அறுவை வேண்டியிருக்கலாம். இவற்றில் எதுவும் உயிரை அச்சுறுத்துவதல்ல. ஆனால் தானே தேறியிருக்கக்கூடிய காதுக்கு இவற்றில் ஒன்று வந்தால் அது வீண் விலை.

அறுவைக்கு முன் வேறு வழிகள்

நீரை வற்றவைக்கப் பரவலாக எழுதித்தரப்படும் மருந்துகள் பல பயனற்றவை. சளி மாத்திரை, மூக்கடைப்பு மருந்து, ஒவ்வாமை மருந்து, நீண்ட நாள் நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றை வழிகாட்டிகள் ஒதுக்கிவிட்டன. வாய்வழி ஸ்டீராய்டை 389 குழந்தைகளிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு 2018இல் வெளியானது. மருந்தில்லாத போலி மாத்திரையைவிடச் சொல்லத்தக்க பயன் தெரியவில்லை.

சிறிதளவு பலன் காட்டியது மூக்கால் பலூன் ஊதும் பயிற்சி. பிரிட்டனில் 4 முதல் 11 வயதுவரை உள்ள 320 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மூன்று மாத முடிவில் ஊதியவர்களில் பாதிப் பேருக்கும், ஊதாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் ஒரு காதாவது தெளிந்திருந்தது. ஆபத்தில்லாதது, செலவு குறைந்தது. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையால் ஊத முடியாது. இன்னொரு வழி, தற்காலிகமாகக் காது கேட்கும் கருவி. அறுவை விரும்பாத குடும்பங்களுக்கு சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதைச் சமமான தேர்வாகவே முன்வைக்கிறது. நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கு அடினாய்டை அகற்றுவதும் உதவும். அதற்குக் குறைந்த வயதில் மூக்கடைப்பு போன்ற வேறு காரணம் இருந்தாலொழிய அது தேவையில்லை.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. தாய்ப்பால் காது அழற்சியைக் குறைக்கிறது. படுக்க வைத்துப் பாட்டிலில் பால் புகட்டுவதும் வீட்டில் யாராவது புகைப்பதும் கூட்டுகின்றன. நிமோகாக்கல் தடுப்பூசி அழற்சி சிலவற்றைத் தடுக்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு தடுப்பூசித் திட்டத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வலிக்கும் காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதும், குளிப்பாட்டிய பின் காதிலும் மூக்கிலும் ஊதுவதும் நம் வீடுகளில் அன்போடு செய்யப்படுபவை. நடுக்காது நீரை எண்ணெய் எட்டுவதில்லை. செவிப்பறை கிழிந்திருந்தாலோ குழாய் இருந்தாலோ எண்ணெய் நேரே உள்ளே போய்ச் சீழ் பிடிக்க வைக்கும். குழாய் வைத்த குழந்தை சாதாரணமாகக் குளிக்கலாம், மேற்பரப்பில் நீந்தலாம். எல்லாருக்கும் காதடைப்பான் தேவையில்லை என்றே இன்றைய வழிகாட்டி சொல்கிறது. எண்ணெய் மட்டும் கூடவே கூடாது.

காத்திருக்கக் கூடாத குழந்தைகள்

மேலே சொன்ன ஆய்வுகளில் பலவற்றில் சேர்க்கப்படாத குழந்தைகள் இருக்கிறார்கள். அண்ணப் பிளவோடு பிறந்தவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், ஏற்கெனவே நரம்புவழிக் கேள்விக் குறை உள்ளவர்கள், பார்வையில்லாதவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், பேச்சும் வளர்ச்சியும் தாமதமானவர்கள். அண்ணப் பிளவில் யூஸ்டேஷியன் குழலைத் திறக்கும் தசையின் பிடிமானமே தவறியிருப்பதால், ஏறத்தாழ எல்லாக் குழந்தைக்கும் நீர் தேங்குகிறது. டவுன் சிண்ட்ரோமில் குழலும் வெளிக்காதும் குறுகலானவை. இவர்களுக்கு நீர் தானே வடியும் வாய்ப்பு குறைவு. 20 டெசிபல் இழப்பும் மற்றக் குறைகளோடு சேர்ந்து பெரிதாகிவிடும். பார்க்க முடியாத குழந்தைக்கு உலகம் முழுவதுமே காது வழியாகத்தான் வருகிறது. வழிகாட்டி இவர்களுக்கு மூன்று மாதக் கணக்கைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. செவிப்பறை உள்வாங்கி எலும்பில் ஒட்டத் தொடங்கிய குழந்தைக்கும் தாமதம் கூடாது.

இந்தியாவில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. இங்கே தேவையற்ற குழாயைவிட, கவனிக்கப்படாத காதுதான் பெரிய துயரம். ஆண்டுக்கணக்கில் சீழ் வடிந்து, செவிப்பறை ஓட்டையாகிப் பள்ளியின் கடைசி பெஞ்சில் ‘கவனமில்லாதவன்’ என்று பெயர் வாங்கும் பிள்ளைகள் ஏராளம். 2007இல் தொடங்கிய தேசியக் காது கேளாமைத் தடுப்புத் திட்டமும், நடுக்காது அழற்சியையும் தன் பட்டியலில் வைத்துள்ள 2013இன் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமும் இவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே வந்தவை. காத்திருக்கலாம் என்று பிட்ஸ்பர்க் சொல்வது, மாதந்தோறும் காதைப் பார்க்கும் ஏற்பாடு இருந்த இடத்திலிருந்து வந்த சொல். யாரும் பார்க்காத காதுக்கு அது பொருந்தாது.

முடிவெடுக்கும் முறை

எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபின் என் கருத்து இது. மற்றபடி நலமான குழந்தைக்கு, இந்த முடிவில் வாழ்நாள் தவறு என்று எதுவும் இல்லை. குழாய் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பத்து வயதில் அந்தக் குழந்தை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆகவே ‘எதிர்காலம் கெட்டுவிடும்’ என்ற அச்சத்தில் அவசரப்பட வேண்டியதில்லை. ‘அறுவை மூளையைக் கெடுத்துவிடும்’ என்ற அச்சத்தில் மறுக்கவும் வேண்டியதில்லை. இன்று இந்தக் குழந்தைக்கு என்ன கேட்கிறது, எவ்வளவு துன்பம், எத்தனை மாதமாக என்ற மூன்றையும் வைத்து முடிவெடுக்கலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் இவற்றிலிருந்தே வருகின்றன. நீர் ஒரு காதிலா, இரண்டிலுமா? எந்த நாளிலிருந்து என்று நமக்கு உண்மையில் தெரியுமா? கேள்வி அளக்கப்பட்டதா, எவ்வளவு குறைவு? அழற்சிகளுக்கு இடையே காது தெளிந்ததா? பேச்சு வயதுக்கேற்ப வருகிறதா? பருவம் மாறப்போகிறதா, காப்பகத்திலிருந்து குழந்தை விலகப்போகிறதா? கோடையில் பல காதுகள் தாமே தெளிந்துவிடுகின்றன. சளிக்காலம் தொடங்கும் நேரத்தில் அந்த நம்பிக்கை குறைவு. எந்த வகைக் குழாய், எப்போது விழும், விழாவிட்டால் யார் எடுப்பார்கள்?

காத்திருக்க முடிவு செய்தால் அடுத்த சோதனையின் தேதியை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீர் வடியும்வரை பார்க்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் குழந்தையின் முகத்துக்கு நேரே, பக்கத்தில் வந்து, தெளிவாகப் பேசுவது. தொலைக்காட்சி இரைச்சலைக் குறைப்பது. பள்ளியில் முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்வது. கதை படித்துக் காட்டுவது. இவையெல்லாம் சிகிச்சையின் பகுதிகளே. குழாய் வைத்தாலும் கவனம் முடிந்துவிடாது. சில வாரங்களில் கேள்வி திரும்பியதா என்று உறுதிசெய்து, குழாய் விழுந்து செவிப்பறை மூடும்வரை தொடர்ந்து காட்ட வேண்டும். கேள்வி திரும்பாவிட்டால் நீருக்கு அப்பால் வேறு காரணம் இருக்கிறது என்று பொருள். அதை உடனே தேட வேண்டும்.

மருத்துவர் தன் பங்குக்கு அளவுகளைப் பெற்றோர் முன் விரித்து வைக்க வேண்டும். பெற்றோர் தம் பங்குக்கு வீட்டில் கண்டதைச் சொல்ல வேண்டும்: கூப்பிட்டால் திரும்புகிறதா, ஓசையைக் கூட்டச் சொல்கிறதா, தடுமாறி விழுகிறதா, இரவில் எத்தனை முறை அழுது எழுகிறது. இவற்றை எந்தக் கருவியும் அளப்பதில்லை. இந்த இரண்டும் ஒரே மேசைக்கு வந்த பிறகு எடுக்கப்படும் முடிவு, குழாய் என்றாலும் காத்திருப்பு என்றாலும், அந்தக் குழந்தைக்கு உகந்ததாக இருக்கும்.